பதினேழாம் நம்பர் கட்டை

உக்காருங்க, உக்காருங்க. எல்லாரும் ஒட்டுக்காப் பேசுனா நான் ஆருக்குன்னு பதில் சொல்றது? தம்பி, அந்தப் போனைச் சித்தெ கீழ வெய்யி. பெரீம்மா, நீங்க அந்த முறுக்குப் பொட்டணத்தை மடிச்சுப் பையில போடுங்க, நறநறன்னு சத்தம் கேட்டா எனக்குப் பேச்சு ஓடாது. சுகுணாக் கண்ணு, நீ முன்னால வா. கட்டுப் போட்ட கையை மடியில வெச்சுக்கோ. ஆ, அப்படித்தான். இனி ஆரும் வாயத் தொறக்கப்படாது, என்னையத் தவிர.

டொப்!

பாத்தீங்களா? பயந்துட்டீங்களா? அது ஒண்ணுமில்லீங்க, கதவு. காத்தடிச்சாச் சாத்திக்கும். தம்பி, உன்ற செருப்பைக் கழட்டி அடீல வெய்யி. நிக்காதா? சரி, வுடு. அந்தக் கதவைப் பத்தித்தான் சொல்லப் போறேன்.

நாளைக்குப் பதனோரு மணிக்கு நம்ம சுகுணாவைக் கூண்டுல ஏத்தறாங்க. கூண்டுன்னா கூண்டில்லீங்க, லேபர் ஆபீஸ் மாடில ஒரு மர நாற்காலி. ஆனா அதுல உக்காந்தா கூண்டாட்டத்தான் இருக்கும். முன்னால ஆணையரம்மா. பக்கத்துல இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பத்மநாபன் சாரு. பொறத்தால நானு. அங்க ஒரு வார்த்தை தப்பாச் சொன்னீன்னா, போன ரெண்டு வெரலும் போனது போனதுதான், கம்பெனிக்காரன் காப்பி குடிச்சிட்டுப் போயிட்டே இருப்பான். ஏங்கண்ணு, மொகம் வெளுக்குது? அதுக்குத்தான நான் இருக்கறேன்.

என்ற பேரு கிட்டுச்சாமி. நம்ம வக்கீல் நாச்சிமுத்தய்யா கிட்டப் பத்தொம்பது வருசமாக் கேஸ் பாக்கறேன். கேஸ் பாக்கறதுன்னா வாதாடறதில்ல. வாதாடறது அவரு. கை போனவிய, கால் போனவிய, ஊட்டுக்காரனே போய்ப் பொம்பளை மட்டும் மிச்சமானவிய, எல்லாருமே மொதல்ல என்ற கிட்டத்தான் வருவாங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு, எக்ஸ்ரே, ஊனச் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் ஒண்ணொண்ணாச் சேத்து நூல்ல கோக்கறது நானு. வாய்தா தேதி சொல்றது நானு. அழுதா டீ வாங்கிக் குடுக்கறதும் நானுதான். படிப்பு எட்டாவது, அதும் பெயிலு. ஆனா வாயி எம்.ஏ., பி.எல்.

அப்பறம் என்ற கிட்ட ஒரு வித்தை இருக்குது. ஆரு பேசுனாலும் அப்படியே பேசுவேன். நம்மய்யா இருக்காரே, அவரு பேசறதுக்கு முன்னால வயித்துல இருந்து ஒரு ஏப்பம் வரும். “ஏஏவ்... கிட்டூ... அந்தக் கட்டு எங்கடா?” சிரிக்காதீங்க, உள்ள தான் இருக்காரு. பத்மநாபன் சாரு வேற மாதிரி. கோவமே வராது அவருக்கு. பொண்ணு பாக்க வந்த எடத்துல கேக்கறாப்டிக் கேப்பாரு. மொதல்ல கண்ணாடியக் கழட்டுவாரு, அங்கியில தொடைப்பாரு, சுண்டு வெரல்ல மூக்கை இப்படி ஒரு சொறி சொறிவாரு, அப்பறம், “ஏம்மா... காலைல சாப்ட்டீங்களா? நல்லதுங்க. என்ன சாப்ட்டீங்க? இட்லிங்களா? எத்தனைங்க? மூணுங்களா? பரவால்ல, நல்லா ஞாபகம் இருக்குதே உங்களுக்கு. அப்ப மிசின்ல கைய வுட்டது மட்டும் எப்படிங்க மறந்துச்சு?”

பாத்தியா, உன்ற மாமியாளே சிரிக்குது.

வாய்தாவுக்கு முன்னால நான் இப்படித்தான் எல்லாரையும் பழக்குவேன். நான் பத்மநாபன், அவிய அவியளே. அங்க போய் மெரளக்கூடாது பாருங்க. பத்தொம்பது வருசத்துல என்ற வேசத்தைப் பாத்துச் சிரிக்காத ஆளே இல்ல. ஒருத்தியத் தவிர.

அதா, அந்த மூலையில ஸ்டூல்ல உக்காந்திருக்குதே, உங்க லைன் வீட்டுல இருந்து உங்களை இங்க கூட்டியாந்துச்சே, நம்ம துளசிமணி. அந்தம்மிணிதான். எந்திரிக்க வேண்டாம் அம்மிணி, உக்காரு. உன்ற கதையத்தான் சொல்றேன். நீ வழக்கம்போலக் கம்முனு இரு.

ரெண்டு வருசம் இருக்குமுங்களா? இதே மாதிரி ஒரு ஆடி மாசம். காத்துன்னாக் காத்து, அப்படி ஒரு காத்து. துளசிமணி வந்து அந்த வாசல்ல நிக்குது. வலது கையைச் சேலைத் தலைப்புக்குள்ள சுத்தி வெச்சிருக்குது. கட்டை வெரல் மட்டுந்தான் மிச்சம், நாலு வெரல் இல்ல. மோட்டருக்குத் தகடு அடிக்கற கம்பெனி. பவர் பிரஸ். அந்த மிசின்ல ரெண்டு பட்டன் இருக்கும், இந்தக் கைக்கு ஒண்ணு, அந்தக் கைக்கு ஒண்ணு. ரெண்டையும் ஒட்டுக்கா அமுக்குனாத்தான் மேல இருந்து டைங்கற இரும்பு அச்சு எறங்கும். ரெண்டு கையும் பட்டன் மேல இருந்தாக் கை எப்படி மாட்டும்? மாட்டாது. ஆனா வேலை ஓடாது. அதனால ஒரு பட்டன்ல மரக்கட்டையச் சொருகி வெச்சுருவாங்க. அப்பறம் ஒரு கைல தகட்டைத் தள்ளலாம், ஒரு கைல அமுக்கலாம், வெசயா ஓடும். ஓடுச்சு. ஒரு நாளு கையும் சேந்து ஓடிருச்சு.

நானு எப்பவும் போலக் கேட்டேன், “பி.எப். இருக்குதா? ஈ.எஸ்.ஐ. இருக்குதா? சம்பளச் சீட்டு?” எல்லாத்துக்கும் இல்லைன்னு தலைய ஆட்டுச்சு. கம்பெனில என்ன சொல்றாங்கன்னு கேட்டேன். அப்பத்தான் வாயத் தொறந்துச்சு.

“என்னைய ஆருன்னே தெரியாதுங்கறாங்கண்ணா. பதனோரு வருசம் அங்க வேலை செஞ்சேன். அதைய எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.”

அவ்வளவுதான். நாலு வெரலப் பத்தி ஒரு பேச்சு இல்ல. வேலை செஞ்சேன்னு எழுதோணுமாம்.

அப்பறம் டிபன் பையத் தொறந்து, இவ்வளவு நீளத்துக்கு ஒரு கட்டைய எடுத்து டேபிள் மேல வெச்சுச்சு. அந்தப் பட்டன்ல சொருகுன கட்டை. கை மாட்டுன அன்னைக்கு, பக்கத்து மிசின் பொம்பளை ஒருத்தி அதைய உருவித் துளசிமணியோட பையில போட்டு வுட்டுருக்குறா. கட்டையோட இருந்தா இவ மேல தப்புன்னு சொல்லிருவாங்கன்னு பயம். நல்ல மனசு. எனக்கும் அதே பயந்தான்.

ஏன்னா சட்டம் அப்படி இருக்குதுங்க. பாதுகாப்புக்கு வெச்சதை வேலையாளே வேணும்னு கெடுத்துட்டா, கை போனாலும் கம்பெனி குடுக்க வேண்டியதில்ல. பத்மநாபன் சாருக்கு அது கல்கண்டு. நான் பதறிட்டேன். “அடி ஆத்தா, இதைய எதுக்கு எடுத்துட்டு வந்தே? இது உன்ற கேசுக்கு நீயே வெக்கற கொள்ளி. ஆருகிட்டயும் காட்டாதே.”

“இல்லீங்கண்ணா, அதுல ஒரு...”

“பேசாதே. இதைய நீ பாத்ததே இல்ல. நானும் பாக்கலை.”

“அதைத் திருப்பி...”

“பேசாதேங்கறேன்ல!”

பேசலை. கெட்டிக்கார அம்மிணி, ஒரு தடவை சொன்னாக் கேட்டுக்கும்.

கட்டையக் குப்பையில போடலாம்னு கையில எடுத்தேன். அந்த நேரம் பாத்து, டொப்! கதவு. காத்து. நான் அந்தக் கட்டையக் கதவுக்கு அடீல ஒரு தள்ளு தள்ளுனேன். அளவெடுத்துச் செஞ்சாப்டி நின்னுச்சு. கதவு ஆடலை, அசையலை. அப்படியே இருந்துச்சு அது, அஞ்சு மாசம்.

கம்பெனிக்காரன் பதில் மனு போட்டான். அதைப் படிச்சு நம்மய்யாவுக்கே ஏப்பம் நின்னு போச்சு. மொதல் பாராவுல, ‘இந்தப் பொம்பளை ஆருன்னே எங்களுக்குத் தெரியாது, கழிவுத் தகடு பொறுக்க வந்தவ.’ அடுத்த பாராவுல, ‘அப்படியே வேலையாளா இருந்திருந்தாலும், நாங்க எத்தனையோ தடவை சொல்லியும் கேக்காம மிசின்ல கட்டை சொருகுனா.’ ஏனுங்க, ஆருன்னே தெரியாதவளுக்கு எத்தனையோ தடவை எப்படிங்க சொல்றது? ஆனா கோர்ட்டுல அப்படித்தான் எழுதுவாங்க. ரெண்டுல ஒண்ணு மாட்டுனாப் போதும்.

எங்களுக்கு ரெண்டும் சிக்கல். வேலை செஞ்சதுக்கு ஒரு துண்டுக் காயிதம் இல்ல. கூட வேலை செஞ்ச பொம்பளைக ஆரும் சாச்சிக்கு வர மாட்டீங்கறாங்க, வந்தா வேலை போயிரும். மிச்சம் இருக்கறது துளசிமணியோட வாயி மட்டுந்தான். அது தொறக்காத வாயி.

அஞ்சு நாள் பழக்குனேன். இதா, நீ உக்காந்திருக்கற அதே எடத்துல. “கட்டையப் பத்தி என்ன கேட்டாலும் ஒரே பதில் அம்மிணி: தெரியாதுங்க. எங்கே சொல்லு?” “தெரியாதுங்க.” “சத்தமா.” “தெரியாதுங்க.” நல்லா வந்துச்சு. ஆனா சிரிப்பு மட்டும் வரலை. நானும் மூக்கைச் சொறியறேன், கண்ணாடியத் தொடைக்கறேன், சந்துல போறவியெல்லாம் நின்னு பாக்கறாங்க, இது செவுத்தைப் பாக்குது. எனக்கு ரோசம் வந்துருச்சு. ரெண்டாம் நாள் மூக்கை ரெண்டு தடவை சொறிஞ்சேன். மூணாம் நாள் சொறிஞ்ச வெரல மோந்து பாத்தேன். அஞ்சாம் நாள், கேக்காதீங்க, பெரீம்மா இருக்காங்க. ம்ஹூம். ஒரு பல்லு தெரியலை.

வாய்தா நாளும் வந்துச்சு.

சின்ன ரூமுங்க அது. மேல ஒரு பேனு, கடக் கடக்குன்னு. டைப் அடிக்கற பொண்ணு. ஆணையரம்மா தலைய நிமித்தாமயே எழுதறாங்க. கம்பெனி மேனேசரு வெள்ளைச் சட்டையில வந்து கடைசி பெஞ்சில காலு மேல காலு போட்டுட்டாரு. துளசிமணி நாற்காலியில நுனியில உக்காந்திருக்குது. என்ற உள்ளங்கை ஈரம். நான் கை போகாதவன், எனக்கே ஈரம்.

பத்மநாபன் சாரு எந்திரிச்சாரு. கண்ணாடியக் கழட்டுனாரு. அங்கியில தொடைச்சாரு. நான் நெனைக்கறேன், அம்மிணி, இதெல்லாம் நீ பாத்ததுதான், பயப்படாதே, பயப்படாதே. அவரு சுண்டு வெரலத் தூக்குனாரு. மூக்குக்குக் கொண்டு போனாரு. ஒரு சொறி.

துளசிமணி சிரிச்சிருச்சு.

சிரிப்புன்னாச் சிரிப்பாங்க அது? அஞ்சு நாளா அடக்குனது, அஞ்சு மாசமா அடக்குனது, ஒட்டுக்கா ஒடச்சுக்கிட்டு வருது. தலைப்பை வாயில அடைச்சுட்டுச் சிரிக்குது, கண்ணுல தண்ணி வருது. பத்மநாபன் சாரோட வெரலு மூக்குலயே நிக்குது.

“மேடம், பாருங்க மேடம்,” அப்படீன்னாரு. “வேதனையில இருக்கறவங்க சிரிக்கற சிரிப்பா இது?”

டைப் அடிக்கற சத்தம் நின்னு போச்சு. ஆணையரம்மா பேனாவைக் கீழ வெச்சாங்க. “அம்மா, எதுக்குச் சிரிச்சீங்க?”

நான் பொறத்தால இருந்து உதட்டை அசைக்கறேன். தெரியாதுங்க, தெரியாதுங்கன்னு சொல்லு. அது என்னையத் திரும்பிப் பாத்துச்சு. அப்பறம் ஆணையரம்மா பக்கம் திரும்பிருச்சு.

“இவிய மூக்கைச் சொறிஞ்சாங்கம்மா. எங்க கிட்டண்ணன் அஞ்சு நாளா ஆபீசுல இதே மாதிரி சொறிஞ்சு காட்டுனாருங்க. அப்படியே இருக்குதுங்க.”

அந்தக் கெரகத்துலயும் எனக்குச் சித்தெ பெருமையாத்தான் இருந்துச்சு. அப்படியே இருக்குதாமா!

“எதுக்குக் காட்டுனாரு?” ஆணையரம்மா கொரலு தணிஞ்சிருச்சு. தணிஞ்சாத்தான் ஆபத்து.

“இவிய என்ன கேப்பாங்க, நான் என்ன சொல்லோணும்னு பழக்கறதுக்குங்க.”

“என்ன சொல்லச் சொன்னாரு?”

“கட்டையப் பத்திக் கேட்டாத் தெரியாதுன்னு சொல்லச் சொன்னாருங்க.”

“உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

நம்மய்யா கண்ண மூடிட்டாரு. பேனு மட்டும் கடக் கடக்.

“தெரியுமுங்கம்மா. நானேதான் தெனமும் சொருகுவேன்.”

முடிஞ்சுதுங்க! பத்மநாபன் சாரு ரெண்டு கையையும் விரிச்சு, “பதிவு பண்ணிக்கோங்க மேடம், அவங்களே ஒத்துக்கிட்டாங்க,” அப்படீங்கறாரு. மேனேசரு காலை எறக்கி வெச்சு மறுக்கா மாத்திப் போட்டாரு. நான் மனசுக்குள்ள வேற வேலை தேடிட்டேன். காந்திபுரத்துல என்ற மச்சானுக்கு ஒரு செருப்புக்கடை இருக்குது.

ஆனா அது நிறுத்தலைங்க. பேசாத அம்மிணி பேசுச்சு. “சொருகலீன்னா உள்ளயே வுட மாட்டாங்கம்மா. உள்ள போனதும் கதவுக்குப் பொறத்தால ஆணிப் பலகை இருக்குதுங்க. ஆளுக்கு ஒரு கட்டை. காலைல எடுத்துட்டுப் போகோணும், பொழுதோட மாட்டிட்டு வரோணும். எனக்குப் பதினேழுங்க.”

“பதினேழுன்னா?”

“கட்டை நம்பருங்க. கம்பெனி மிசினுக்கு அடிக்கற பச்சைப் பெயிண்டுலயே எழுதிருக்கும்.”

மேனேசரு ரெண்டு காலையும் கீழ வெச்சுட்டாரு.

“அந்தக் கட்டை இப்ப எங்கே?”

அப்பத்தான் துளசிமணி அந்தக் கையைத் தலைப்புல இருந்து வெளிய எடுத்துச்சு. நாலு வெரல் இல்லாத கை. அந்தக் கட்டை வெரலாலயே என்னையக் காட்டுச்சு.

“கிட்டண்ணன் கிட்ட இருக்குதுங்க. ஆபீஸ் கதவுக்கு அடீல.”

அந்த ரூமுல இருந்த அத்தனை கண்ணும் என்ற மேல. ஆணையரம்மா கடிகாரத்தைப் பாத்தாங்க. “மணி பன்னண்டே முக்கால். ரெண்டு மணிக்கு அந்தக் கட்டை இந்த டேபிள் மேல இருக்கணும்.” நம்மய்யா வராந்தாவுல என்ற சட்டைக் காலரைப் புடிச்சாரு. ஏப்பமே வரலை. “கிட்டூ, கட்டையோட வா. இல்லீன்னா வராதே.”

டி.வி.எஸ். பிப்டிய என்ன வேகத்துல ஓட்டுனேன்னு எனக்கே தெரியாது. இந்தச் சந்துக்குள்ள திரும்பறேன், வாசலைப் பாக்கறேன். கதவு சாத்திருக்குதுங்க! கதவு சாத்திருந்தா என்ன அர்த்தம்? கட்டை அங்க இல்ல.

“ராமாத்தா! ராமாத்தா!” கூட்டற அம்மா, நீங்க பாத்திருப்பீங்க. அது சாவகாசமாச் சோத்தைப் பெசஞ்சுட்டே சொல்லுது, “ஆ... அந்தக் கட்டைங்களா... ரேக்கு காலைக் கரையான் தின்னுருச்சுல்லீங்க... அதுக்கு அண்டக் குடுத்துட்டேன்.”

அதா, அந்த ரேக்குதான். பத்தொம்பது வருசத்துக் கட்டு அத்தனையும் அதுல. நான் குனிஞ்சு புடிச்சு இழுத்தேன் பாருங்க, ரேக்கு அப்படியே என்ற மேல சாஞ்சிருச்சு. அத்தனை வருசத்துக் கையும் காலும் என்ற முதுகு மேல பொல பொலன்னு. அதுக்கு நடுவுல மல்லாந்து கெடந்து கட்டையத் திருப்பிப் பாக்கறேன். அடிப்பக்கம், பச்சைப் பெயிண்டு. பதினேழு.

அஞ்சு மாசம் என்ற காலாலயே தள்ளியிருக்கறேன். ஒரு நாளும் திருப்பிப் பாக்கலை. கதவுக் கட்டையை ஆருங்க திருப்பிப் பாப்பாங்க? நீங்களே சொல்லுங்க.

வண்டிய எடுத்துட்டுத் திரும்பி வாறேன். பெரிய சிக்னலு, நூத்தி இருவது செகண்டு. கட்டை என்ற சட்டைக்குள்ள குத்துது. அப்ப ஒரு நெனப்பு வந்துச்சு, மறைக்க மாட்டேன். கட்டை காணோம்னு சொல்லிட்டா என்ன? கொண்டு போனா நான் சாச்சியக் கலைச்சது ஊர்ஜிதம். பத்மநாபன் சாரு என்னையச் சும்மா வுடுவாரா? நம்மய்யாவுக்குக் கெட்ட பேரு. காணோம்னா, தேடுனேன் கெடைக்கலை, ஏழைக் குமாஸ்தா, போச்சு. பக்கத்துலயே சாக்கடை. தொண்ணூறு செகண்டு. எண்பது செகண்டு.

எனக்கு மனசு கொழம்புனா வேற ஆராட்டமாச்சும் பேசுனாத்தான் தெளியும். நம்மய்யாவாட்டம் பேசிப் பாத்தேன், ஏப்பந்தான் வந்துச்சு. பத்மநாபனாட்டம் பேசுனேன், சாக்கடையக் காட்டறாரு. அப்பறம் துளசிமணியாட்டம் பேசிப் பாத்தேன். அதுவரைக்கும் அந்தக் கொரலு எனக்கு வந்ததே இல்லீங்க. அது பேசுனாத்தான வரும்? அன்னைக்கு வந்துச்சு. “பதனோரு வருசம் அங்க வேலை செஞ்சேன். அதைய எழுதிக் குடுக்கச் சொல்லுங்க.” பக்கத்து வண்டிக்காரன் திரும்பி, “ஏனுங்ணா, எங்கிட்டயா சொன்னீங்க?”ன்னு கேக்கறான். பச்சை வுழுந்துருச்சு.

ரெண்டுக்கு அஞ்சு நிமிசம் இருக்கறப்பக் கட்டைய டேபிள் மேல வெச்சேன்.

பத்மநாபன் சாரு வுடுவாரா? “மேடம், ஒரு வெறகுல ஆரு வேணும்னாலும் பதினேழுன்னு எழுதலாம். இவரு ஆபீசுல பெயிண்டு கெடைக்காதா?” நியாயமான கேள்விதான், அவரு எடத்துல இருந்தா நானும் கேப்பேன். மூக்கைச் சொறியாமக் கேட்டாரு, அது ஒண்ணுதான் வித்தியாசம்.

ஆணையரம்மா எந்திரிச்சாங்க. “வாங்க, போய்ப் பாத்துரலாம். இப்பவே. ரெண்டு வக்கீலும் வாங்க. மேனேசரு என்ற ஜீப்புலயே வாங்க. போனைக் கையில வெச்சுக்காதீங்க.”

கம்பெனிக் கதவைத் தொறந்து, அதுக்குப் பொறத்தால பாத்தா, பலகைங்க. பச்சைப் பெயிண்டு. நாலு வரிசை, வரிசைக்கு எட்டு ஆணி. ஆளுக வேலையில இருக்கறதால கட்டையெல்லாம் மிசின்ல இருக்குது, ஆணி எல்லாம் வெறும் ஆணி. எல்லாமே காலியா இருந்தா எது பதினேழு? பத்மநாபன் சாரு மொகத்துல வெளிச்சம். ஆணையரம்மா அசையலை. “மிசினை நிறுத்தச் சொல்லுங்க. எல்லாரும் எப்பவும் போல மாட்டச் சொல்லுங்க.”

பொம்பளைக ஒவ்வொருத்தியா வந்தாங்க. ஒருத்தியும் துளசிமணி மொகத்தைப் பாக்கலை. ஆனா கட்டைய மாட்டுனாங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு. டக்கு, டக்குன்னு ஆணியில வுழுகற சத்தம். மாட்டறதுக்கு ஒவ்வொரு கட்டையிலயும் ஒரு ஓட்டை. பதனஞ்சு. பதனாறு. பதனெட்டு. முப்பத்திரெண்டு ஆணில ஒண்ணு மட்டும் காலியா நிக்குது.

“இது ஏன் காலியா இருக்கு?”

மேனேசரு வாயத் தொறக்கறதுக்குள்ள வாட்சுமேன் முந்திக்கிட்டாரு. பாவம், வயசானவரு, ஒண்ணும் தெரியாது அவருக்கு. “அதுங்களா அம்மா? புதுசாச் செஞ்சு மாட்டியும் பாத்தமுங்க. ஆரும் எடுக்க மாட்டேன்னுட்டாங்க, அதனால கழட்டிட்டமுங்க. துளசிமணிக்குக் கை போன நம்பருங்க அது.” அப்பத்தான் கூட்டத்துல அந்தம்மிணியப் பாத்தாரு. “அட, துளசிமணி! நல்லா இருக்கறயா சாமி?”

ஆருன்னே தெரியாதுன்னு எழுதிக் குடுத்த கம்பெனிங்க!

ஆணையரம்மா கட்டைய அதுகிட்டயே குடுத்தாங்க. துளசிமணி இடது கையில வாங்கி அந்த ஆணில மாட்டுச்சு. கட்டை அளவா உக்காந்துச்சு. அந்தப் பொம்பளைக கூட்டத்துல ஒருத்தி தேம்பற சத்தம் கேட்டுச்சு, பையில கட்டையப் போட்டு வுட்டவளா இருக்கும்.

கட்டையக் குடுத்ததே கம்பெனி, அப்பறம் தப்பு அம்மிணி மேல எப்படி வரும்? கேசு நம்ம பக்கம். தீர்ப்பு வந்த அன்னைக்குக் காயிதத்தை எடுத்துட்டு வந்து, “படிச்சுக் காட்டுங்கண்ணா”ங்குது. நான் ஆணையரம்மா கொரல்ல படிச்சேன், ‘மனுதாரர் மேற்படி நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் பணிபுரிந்தார் என்பது நிரூபணமாகிறது.’ மறுக்காப் படிங்கண்ணா. பத்மநாபன் கொரல்ல படிச்சேன். “சும்மா உங்க கொரல்லயே படிங்கண்ணா”ன்னுது. என்ற கொரலு எதுன்னு எனக்கே சித்தெ நேரம் பிடிபடலைங்க. எப்படியோ படிச்சு முடிச்சேன்.

சாச்சியப் பழக்குனதுக்கு ஆணையரம்மா என்னைய ஒரு நாள் கூப்புட்டு என்ன சொன்னாங்கங்கறதை வுடுங்க, அது இந்தக் கதைக்குச் சம்பந்தமில்ல.

டொப்! சனியன் புடிச்ச கதவு. அந்தக் கட்டை இன்னும் லேபர் ஆபீஸ்லதாங்க இருக்குது, கேஸ் கட்டோட, நூல் போட்டு, நம்பர் ஒட்டி. திருப்பிக் கேட்டேன், மொறைக்கறாங்க.

சரி. இதுல இருந்து என்ன தெரியுது கண்ணு? ஒரு சின்னச் சாமானு, அஞ்சு மாசம், ஆரு கண்ணுலயும் படாம, பத்திரமாக் காப்பாத்துனது ஆரு? இந்தக் கிட்டுச்சாமி! குப்பையில போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? நெனச்சுப் பாருங்க.

இப்ப உன்ற கேசுக்கு வருவோம். நாளைக்கு மிசின் பெல்ட்டை மூடற கவரைப் பத்திப் பத்மநாபன் சாரு கேட்டாருன்னா நீ என்ன சொல்லோணும்... இரு இரு, அந்த மஞ்சப் பையில என்னது அது? எடு பாக்கலாம். அடடா, ஒடஞ்ச கவருத் துண்டா? அன்னைக்கே பொறுக்கி வெச்சியா? இரும்பா? நல்லாக் கனமா இருக்குதே. அடிப்பக்கம் தட்டையா, மேல சரிவா... இல்ல கண்ணு, இதையெல்லாம் நாளைக்கு அங்க எடுத்துட்டு வரப்படாது. என்ன கண்ணு, அதுல என்ன இருக்குதுன்னு அப்பறம் சொல்லு. இப்ப பேசாதே. இப்படிக் குடு, அண்ணன் பத்திரமா வெச்சுக்கறேன்.

ஏன் அம்மிணி, ஸ்டூலை வுட்டு எந்திரிச்சு வாறே? என்ன? சத்தமாச் சொல்லு துளசிமணி, எல்லாருக்கும் கேக்கட்டும்.

“குடுக்காதே சுகுணா. அண்ணனுக்குக் கதவு இன்னும் ஆடிட்டுத்தான் இருக்குது.”